பழைய ஸ்கூட்டர் கார்புரேட்டர்: எதைச் சுத்தம் செய்வது, எதை மாற்றுவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அப்பா 1993-ல் வாங்கிய பஜாஜ் சேடக் இன்னும் என்னிடம் ஓடுகிறது. இரண்டு ஸ்ட்ரோக், பெயருக்கு 150, உண்மையில் 145 சிசி சொச்சம். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷமாக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற இந்த ஒரு கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியதில், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாருடைய பழைய ஸ்கூட்டர் நின்றாலும் போன் எனக்குத்தான் வருகிறது. எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட அதே கேள்விகள், எழுதி வைத்துவிட்டால் அனுப்பிவிடலாமே என்றுதான் இது.

இங்கே சொல்வதெல்லாம் வெஸ்பா வழியில் வந்த சேடக், சூப்பர், எல்எம்எல் வண்டிகளை மனதில் வைத்து. இவற்றில் இருப்பது டெல்லோர்ட்டோ என்ற இத்தாலியக் கம்பெனியின் வடிவம், இங்கே பெரும்பாலும் ஸ்பாகோ செய்தது. கைனெடிக் ஹோண்டா, ஸ்கூட்டி வைத்திருப்பவர்களுக்குக் கழற்றும் விதம் மாறும், மற்றது பெரிதாக மாறாது. பஜாஜ் 2009 கடைசியில் ஸ்கூட்டரை விடுவதாக அறிவித்துவிட்டது, எல்எம்எல் மூடியே போனது. ஷோரூமில் போய்ப் பார்ட் கேட்கும் காலம் முடிந்துவிட்டதால்தான் இந்த 'மாற்றவா, சரிசெய்யவா' கேள்வியே இவ்வளவு பெரிதாகிறது.

கார்புரேட்டர்ல எதெல்லாம் சின்ன பார்ட்ஸ்? பார்த்தா ஒரே டப்பா மாதிரிதானே இருக்கு?

வலது பக்க டிக்கியைக் கழற்றினால் எஞ்சின் மேல் ஒரு மூடி போட்ட பெட்டி தெரியும், கார்புரேட்டர் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. மூடியை எடுத்து, கம்பிவலை ஏர் ஃபில்டரையும் எடுத்தால் கிணறு மாதிரி இரண்டு துளைகள். ஒன்றில் மெயின் ஜெட், இன்னொன்றில் ஸ்லோ ஜெட். ஜெட் என்றால் அளவாகத் துளை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு; வண்டி ஓடும்போது வேலை மெயின் ஜெட்டுக்கு, ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது) ஸ்லோ ஜெட்டுக்கு. மெயின் ஜெட் என்று நாம் சொல்வது ஒன்று இல்லை, மூன்று: மேலே காற்றுக்கான ஜெட், நடுவே பக்கவாட்டில் ஓட்டைகள் உள்ள குழாய், அடியில் பெட்ரோலுக்கான ஜெட். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒரே துண்டாக வெளியே வரும். குளிர்ந்த எஞ்சினை எடுக்கப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்குக்கென்று தனியாக இன்னொரு குட்டி ஜெட் உண்டு.

பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிற மூடியைக் கழற்றினால் கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கிற ஃப்ளோட்டும் அதோடு தொங்கிக்கொண்டு வரும். ஃப்ளோட்டின் கழுத்தில் மாட்டியிருக்கும் சின்ன முள்தான் நீடில், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோல் வரும் வழியை அடைப்பது அதுதான். பெட்ரோல் குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு சல்லடை. அப்புறம் பாக்கிங்குகள், வாஷர்கள், மிக்சர் ஸ்க்ரூ, ஐடிலிங் ஸ்க்ரூ, அவற்றின் ஸ்பிரிங்குகள், ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கிற தட்டையான ஸ்லைடு. அவ்வளவுதான் உலகம். ஃப்ளோட்டின் பின் ஒன்று இருக்கிறது, ஊசியை விடக் கொஞ்சம் தடிமன், கழற்றும்போது சத்தமில்லாமல் நழுவிக் கீழே போகும். அடியில் ஒரு வேட்டித் துணியை விரித்துக்கொண்டு உட்காருங்கள்.

மெக்கானிக் பார்த்த உடனே "கார்புரேட்டர் போச்சு, புதுசு போடணும்"ங்கிறார். போட்டுடலாமா?

அவசரப்பட வேண்டாம். கார்புரேட்டர் முழுசாகப் 'போவது' அபூர்வம். அது ஈயம் மாதிரி இளகிய உலோகத்தில் வார்த்த ஒரு கட்டி, உள்ளே அசைகிற பாகம் என்று பார்த்தால் ஃப்ளோட், நீடில், ஸ்லைடு, சோக் வால்வ், இவ்வளவுதான். முப்பது வருஷம் ஆனாலும் கட்டி அப்படியேதான் இருக்கும், அதற்குள் திருகி மாட்டியிருப்பவைதான் அடைத்துக்கொள்ளும், தேயும், ஒழுகும்.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நாலு உதை உதைத்த பிறகும் பிளக் காய்ந்து இருந்தால் பெட்ரோல் வரவில்லை: பெட்ரோல் டேப், சல்லடை, நீடில், ஜெட் என்று வரிசையாகத் தேடலாம். பிளக் நனைந்து இருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு வரவில்லை அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் வருகிறது. இந்த ஒரு நிமிஷப் பார்வையைச் செய்யாமல் கார்புரேட்டர் மேல் பழி போடுகிறவரிடம் வண்டியை விட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது.

சரி, எதைச் சுத்தம் பண்ணணும், எதை மாத்தணும்? ஒரே வரியில சொல்லுங்களேன்.

ஓட்டை உள்ளதைக் கழுவுங்கள், ஒட்டி அடைக்கிற வேலை செய்வதை மாற்றுங்கள், உடம்பைக் கடைசி வரை விடாதீர்கள்.

ஓட்டை உள்ளவை என்றால் எல்லா ஜெட்டும். பித்தளையில் துளை போட்டது, அதன் வழியே போவது பெட்ரோல், தேய ஒன்றும் இல்லை. அடைக்கிறவை என்றால் நீடில், பாக்கிங், ஓ-ரிங், ஃபைபர் வாஷர், ரப்பர் குழாய். இவை அழுந்தியோ, இறுகியோ, தேய்ந்தோ ஒரு நாள் வேலையை நிறுத்தும், விலையும் டீ, வடை கணக்குத்தான். உடம்பு என்றால் அந்த வார்ப்புக் கட்டி, அதைப் பற்றிக் கீழே வரும். இதை எனக்குச் சொன்னவர் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்.

ஜெட்டுக்குள்ள ஊசி விட்டுக் குத்தலாமா? எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் குத்துறாங்க.

எல்லாரும் குத்துகிறார்கள், அதனால்தான் எல்லா வண்டியும் கண்டபடி ஓடுகிறது. ஜெட்டின் தலையில் ஒரு எண் பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். இந்த டெல்லோர்ட்டோ வடிவத்தில் அந்த எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். அதாவது 100 என்றால் சரியாக 1 மில்லிமீட்டர். ஸ்டீல் ஊசி பித்தளையைச் சுரண்டி நூறில் ஐந்து பங்கு அகலப்படுத்திவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் துளையின் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். வேறு கம்பெனி ஜெட்டுகளில் எண்ணுக்கு வேறு கணக்கு, இதன் 100-ஐயும் அதன் 100-ஐயும் ஒப்பிடாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அடியில் இருக்கும் பெட்ரோல் ஜெட்டைக் குத்தி அகலப்படுத்தினால் வண்டி பெட்ரோல் குடிக்கும், புகை கக்கும், அது பரவாயில்லை. மேலே இருக்கும் காற்று ஜெட்டைக் குத்தினால் எதிர்மாறு, காற்று கூடி பெட்ரோல் குறையும். அது பிஸ்டனுக்குக் கேடு.

செய்ய வேண்டியது: ஜெட்டை ஒரு சின்ன கண்ணாடிக் கிண்ணத்தில் தின்னரில் இரவு முழுக்க ஊறப் போடுங்கள். பழைய பெட்ரோல் காய்ந்து வார்னிஷ் மாதிரிப் படிந்திருக்கும், அது இளகும். காலையில் பஞ்சர் கடையில் காற்று அடித்து, வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். சுத்தமான ஜெட்டில் வட்டம் முழுசாக வெளிச்சமாகத் தெரியும், அழுக்கு இருந்தால் ஓரம் தேய்ந்த பிறை மாதிரி. இன்னும் போகவில்லை என்றால் பல் துலக்கும் பிரஷ்ஷின் ஒரு நைலான் முடி, அல்லது கரண்ட் ஒயரைச் சீவி எடுத்த ஒற்றைச் செம்பு இழை. செம்பு பித்தளையை விட மென்மையானது. யாராவது ஏற்கெனவே குத்திப் பாழாக்கிய ஜெட் என்று சந்தேகம் வந்தால் மட்டும் அதே எண்ணில் புதிது வாங்குங்கள்.

ஸ்லோ ஜெட் மட்டும் அடிக்கடி அடைச்சுக்குதே, மாத்திட்டா நிக்குமா?

நிற்காது. ஸ்லோ ஜெட்டின் துளை மெயின் ஜெட்டில் பாதி அளவுதான், ஆகவே எந்தத் தூசி வந்தாலும் முதலில் அதுதான் மாட்டும். புது ஜெட்டும் அடுத்த வாரம் அடைக்கும். தூசி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: டேங்க் உள்ளே துரு, டேப்பில் இருக்கும் சல்லடை கிழிசல், உள்ளே உதிர்கிற பழைய ரப்பர் குழாய். இந்த மூன்றில் ஒன்று. ஏர் ஃபில்டரைக் கழற்றினாலே இந்த ஜெட் கைக்கு வந்துவிடும் என்பது ஒன்றுதான் ஆறுதல், கார்புரேட்டரையே கழற்றி வைத்து அரை நாள் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.

வண்டியை நிறுத்தினா பெட்ரோல் ஒழுகுது. நீடில் மட்டும் மாத்தினா போதுமா, ஃப்ளோட்டும் சேர்த்து மாத்தணுமா?

முதலில் நீடிலைக் கழற்றி அதன் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். என் பையனின் பள்ளிக்கூடப் பூதக்கண்ணாடியில்தான் நான் பார்ப்பேன். நல்ல நீடிலில் கூம்பு வழவழவென்று இருக்கும். தேய்ந்ததில் விரலில் மோதிரம் போட்ட தடம் மாதிரி ஒரு வட்டக் கோடு விழுந்திருக்கும். கோடு தெரிந்தால் பேச்சே இல்லை, புதிது. அதை எமரித் தாளில் தேய்த்துச் சரிசெய்ய முயன்றால் கூம்பின் வடிவம் மாறி இன்னும் ஒழுகும், நானே செய்து பார்த்துக் கெடுத்திருக்கிறேன்.

நீடில் போய் உட்காரும் சீட் மூடியிலேயே அழுத்தி இறக்கியது, தனியாகக் கழற்றி மாற்றுகிற சமாச்சாரம் இல்லை. அதில் பச்சை பிடித்திருந்தால் காது குடையும் பட்ஸில் பிராசோ தொட்டு மெதுவாகச் சுழற்றித் துடைத்து, பெட்ரோலில் கழுவிவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும். பிளாஸ்டிக் ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கிப் பிடியுங்கள். குமிழ் வந்தாலோ, குலுக்கினால் உள்ளே பெட்ரோல் ஆடினாலோ மாற்றத்தான் வேண்டும். அதைப் பசை போட்டு ஒட்டுவது வீண் வேலை, எடை கூடிப்போன ஃப்ளோட் மேலே எழும்பாமல் பெட்ரோல் மட்டத்தை ஏற்றிவிடும். எல்லாம் பூட்டுவதற்கு முன்னால் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட் தன் எடையில் நீடிலை அழுத்தும்படி வைத்து, பெட்ரோல் வரும் முனையில் ஒரு சுத்தமான குழாயைச் செருகி ஊதிப் பாருங்கள். காற்று போகக் கூடாது.

ஒழுகல் சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள். இந்த எஞ்சினில் கார்புரேட்டர் கிராங்க் கேஸின் (எஞ்சினின் அடிப்பெட்டி) தலைமேலேயே இருக்கிறது, ஒழுகுவது நேராக உள்ளே இறங்கும். ஒரு தடவை டேப்பைத் திறந்தே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் உதைத்தால் கிக்கர் பாதியில் கல் மாதிரி நிற்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு உதைத்தேன், உள்ளே இருந்த பெட்ரோல் பீச்சாங்குழல் போலப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் அடித்தது. அன்றைக்கு யாரும் பீடி பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வரவில்லை, அது என் அதிர்ஷ்டம். நீடில் புதிதோ பழையதோ, இரவில் டேப்பை மூடுங்கள்.

பாக்கிங்கை வீட்டுல அட்டையில வெட்டிப் போட்டா ஆகாதா? இல்லன்னா பேஸ்ட் தடவிடலாமா?

பாக்கிங் ஷீட் என்றே கடையில் விற்கும் பெட்ரோல் தாங்குகிற தாளில் வெட்டினால் தாராளமாக ஆகும். பழையதை மேலே வைத்து வரைந்து, துளைகளைப் பஞ்ச் வைத்து அடித்து எடுத்தால் கடைப் பாக்கிங்கை விட நன்றாகவே வரும். சட்டைப் பெட்டி அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரு வாரம் தாங்கும், பிறகு நார் நாராகப் பிரிந்து, போய் உட்காரும் இடம் நீங்கள் சிரமப்பட்டுக் கழுவின ஸ்லோ ஜெட்.

பேஸ்ட் வேண்டவே வேண்டாம். சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலில் ஊறி உப்பி, துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: வெஸ்பா வழி வண்டிகளில் ஆயிலைத் தனித் தொட்டியில் ஊற்றுகிற, பம்ப் வைத்த மாடல்கள் உண்டு. அவற்றின் அடி பாக்கிங்கில் ஆயில் போகும் வழிக்கென்று கூடுதல் துளை இருக்கும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டியின் பாக்கிங்கை அதில் மாட்டினால் வெளியே பார்க்க எல்லாம் சரியாக உட்காரும், ஆயில் மட்டும் எஞ்சினுக்குப் போகாது. கொஞ்ச தூரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஐடிலிங்கே நிக்கல. சில நேரம் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் கத்திக்கிட்டே இருக்கு. ஜெட் பிரச்சினையா?

இரண்டும் ஒரே வியாதியின் இரண்டு முகமாக இருக்கலாம். ஐடிலிங் மட்டும் நிற்கவில்லை என்றால் ஸ்லோ ஜெட், மேலே சொன்னபடி கழுவுங்கள். ஆக்சிலேட்டரை விட்டும் கத்தினால் முதலில் கேபிள் இறுகியிருக்கிறதா, ஸ்லைடு முழுசாக இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். அது சரி என்றால் எங்கேயோ திருட்டுக் காற்று, அதாவது கார்புரேட்டர் வழியாக வராமல் இடுக்கில் புகுகிற காற்று, போகிறது. கத்தும்போது சோக்கைக் கொஞ்சம் இழுங்கள், சத்தம் அடங்கினால் அது திருட்டுக் காற்றுதான்.

வழக்கமான இடம் கார்புரேட்டரின் அடிப்பாகம். இரண்டு நீளமான போல்ட்டில் அது நிற்கிறது, ஆளாளுக்கு முழு பலத்தையும் காட்டி முறுக்கி முறுக்கி அடிப்பாகம் வில் மாதிரி வளைந்திருக்கும். கழற்றி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அடியில் சிகரெட் தாள் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் அதே கண்ணாடியின் மேல் 400 நம்பர் எமரித் தாளை விரித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, எட்டு போடுகிற மாதிரி தேய்த்தால் அரை மணியில் சமமாகிவிடும். தேய்ப்பதற்கு முன் எல்லாத் துளையையும் அடைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நன்றாகக் கழுவுங்கள். இதற்காகப் புதுக் கார்புரேட்டர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தூக்கிப் போட்டதில் ஒன்றுதான் என் வண்டியில் இப்போது ஓடுகிறது.

மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திறக்கணும்? அதை மாத்த வேண்டிய நிலைமை வருமா?

மெதுவாக, விரல் நுனி பலத்தில் முழுக்க மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கால் கால் சுற்றாக அந்தப் பக்கம், இந்தப் பக்கம் திருப்பி, எங்கே ஐடிலிங் அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, அப்புறம் ஐடிலிங் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறையுங்கள். இந்த வகையில் திறந்தால் பெட்ரோல் கூடும், மூடினால் குறையும். காற்றை அடைக்கிற வகைக் கார்புரேட்டர்களில் இது தலைகீழ், நண்பரின் வேறு வண்டி அனுபவத்தை இதில் காட்ட வேண்டாம்.

மாற்ற வேண்டிய நிலைமை வரும், யாராவது பலமாக இறுக்கியிருந்தால். முனையில் நீடிலில் சொன்ன அதே மோதிரத் தடம் விழுந்திருக்கும், பிறகு எங்கே திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். மலிவான பார்ட், வாங்கிப் போட்டுவிடலாம். முனை உடைந்து துளைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால்தான் கஷ்டம், அது கடைசிக் கேள்வியில் வருகிறது.

மறை போயிடுச்சு. மூடி ஸ்க்ரூ சுத்திக்கிட்டே இருக்கு. உடம்பு வேஸ்ட்தானே?

இல்லை. லேத்துப் பட்டறையில் கொடுத்தால் துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு மறை போட்டுத் தருவார்கள், அல்லது கம்பிச் சுருள் மறை இறக்கி பழைய ஸ்க்ரூவே பிடிக்கும்படி செய்வார்கள். மூடி ஸ்க்ரூ, ஏர் ஃபில்டர் ஸ்க்ரூ இரண்டுக்கும் இது நன்றாக நிற்கும். எம்சீல் வைத்து ஸ்க்ரூவை ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த தடவை எப்படிக் கழற்றுவார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஜெட் உட்காரும் மறை போனால்தான் நான் உடம்பை மாற்றச் சொல்வேன். அந்த இடத்தில் அச்சு இம்மி விலகினாலும் ஜெட் சரியாக உட்காராது, பெட்ரோல் ஓரமாகக் கசியும்.

கடையில ரிப்பேர் கிட் வாங்கி எல்லாத்தையும் மாத்திட்டேன். முன்னவிட மோசமா ஓடுது. ஏன்?

எல்லாவற்றையும் மாற்றியதால்தான். கிட்டில் பாக்கிங், வாஷர், நீடில், இரண்டு மூன்று ஜெட் எல்லாம் சேர்த்துத் தருவார்கள். பாக்கிங்கும் வாஷரும் நன்றாகவே இருக்கும். ஜெட்டை மட்டும் நம்ப முடியாது. ஒரு தடவை நான் வாங்கிய கிட்டில் மெயின் ஜெட்டில் என் பழைய ஜெட்டின் எண்ணே பொறித்திருந்தது, ஆனால் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் துளைகள் ஒரே அளவாக இல்லை, ஒன்றில் ஓரம் பிசிறு வேறு.

ஆகவே கிட்டைப் பிரித்ததும் ஒட்டி அடைக்கிறவற்றை மட்டும் எடுத்துப் போடுங்கள், பழைய பித்தளை ஜெட்டுகளைக் கழுவித் திரும்ப மாட்டுங்கள். புது நீடிலைப் பழைய நீடிலோடு பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். நீளம் மாறினால் பெட்ரோல் மட்டமே மாறும். கழற்றிய எதையும் மெக்கானிக் கடைத் தரையில் விட்டு வராதீர்கள், "பழசை ஒரு கவர்ல போட்டுக் குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது.

புது டூப்ளிகேட் கார்புரேட்டர் வாங்கலாமா, புதுப்பேட்டையில பழைய ஒரிஜினல் தேடலாமா?

சென்னையில் இருந்தால், பழைய வண்டி சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை. பழைய ஒரிஜினலின் வார்ப்பு அழுத்தமாக இருக்கும், துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். புது டூப்ளிகேட் பளபளவென்று இருக்கும், உள்வழித் துளைகளில் துரப்பணப் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பாக்கிங், கேபிள், நீடில் வாங்குங்கள், உடம்பு வேண்டுமென்றால் பழைய சாமான் கடைக்குப் போங்கள்.

பழையதைப் பார்க்கும்போது நான் பார்ப்பது நாலு இடம்: ஸ்லைடு தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா, அதே நேரம் லொடலொடவென்று ஆடாமல் இருக்கிறதா, அடிப்பாகம் வளையாமல் இருக்கிறதா (பக்கத்துக் கடைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்துவிடலாம்), ஜெட் கிணறுகளில் மறை உயிரோடு இருக்கிறதா, நீடில் சீட் உள்ளே குழிவிழாமல் இருக்கிறதா. ஜெட் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், உங்களுடையதைத்தான் மாட்டப் போகிறீர்கள். உங்கள் வண்டிக் கார்புரேட்டரைக் கையோடு கொண்டு போங்கள். பெட்ரோல் டேங்கில் ஆயில் கலக்கும் வண்டியா, பம்ப் வண்டியா என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல்னாலதான் எல்லாம் கெடுதுங்கிறாங்க, உண்மையா?

எல்லாம் இல்லை, சிலது உண்மை. 2022 ஜூன் வாக்கில் நாடு முழுக்கப் பத்து சதவீதம் கலப்பு வந்தது, 2023 பிப்ரவரியில் 20 சதவீத பெட்ரோல் சில பங்க்குகளில் ஆரம்பித்து, இப்போது எங்கும் அதுதான். நம் வண்டிகள் இதை நினைத்துச் செய்தவை இல்லை. பழைய ரப்பர் குழாய், ஓ-ரிங், டேப்பின் உள் ரப்பர் எல்லாம் ஊறி உப்பவோ, இறுகி வெடிக்கவோ செய்யும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், வண்டி மாசக்கணக்கில் நின்றால் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். டேங்க் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ரப்பர் சாமான்களை எத்தனால் தாங்குகிற வகையில் ஒரு முறை மாற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால், டேப்பை மூடி, ஐடிலிங்கில் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் மெலிந்ததாக நடந்துகொள்ளும். பிளக் வெளுத்துத் தெரிந்தால் மெயின் ஜெட்டை ஒரு எண் ஏற்றலாம். குத்திப் பெரிதாக்கி இல்லை, வாங்கி.

சாய்ச்சு உதைச்சாதான் ஸ்டார்ட் ஆகுது. அப்பா காலத்துலேருந்து அப்படித்தானே?

அப்பா காலத்திலும் அது வியாதிதான், பழகிப்போய்விட்டது. சாய்க்கும்போது கிண்ணத்துப் பெட்ரோலின் மட்டம் மாறிக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகிறது, அதாவது கையாலேயே சோக் போடுகிறீர்கள். அப்படியென்றால் உண்மையான சோக் வேலை செய்யவில்லை. முதல் கேள்வியில் சொன்ன அந்தக் குட்டி சோக் ஜெட் அடைத்திருக்கும், அல்லது சோக் கேபிள் தளர்ந்து வால்வ் முழுசாகத் தூக்கவில்லை. இதற்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை, கழுவினால் போதும். கழுவிய மறுநாள் காலை என் சேடக் நிமிர்ந்து நின்றபடியே இரண்டாவது உதையில் எடுத்தது, அப்பா அப்போதும் பழக்கத்தில் ஒரு தடவை சாய்த்துவிட்டுத்தான் உதைத்தார்.

மைலேஜுக்காக சின்ன ஜெட் போடுங்கன்னு ஒருத்தர் சொல்றார். போடலாமா?

நாலு ஸ்ட்ரோக்கில் இதைச் செய்தால் பிக்கப் போகும். பம்ப் இல்லாத இரண்டு ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்கான ஆயிலே பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது, லிட்டருக்கு 20 மில்லி என்று. ஜெட்டைச் சின்னதாக்கினால் பெட்ரோல் குறைவதோடு ஆயிலும் குறைகிறது, கலவை மெலிந்து சூடும் ஏறுகிறது. நெடுஞ்சாலையில் முழு ஆக்சிலேட்டரில் போகும்போது பின்சக்கரம் திடீரென்று பிடித்துக்கொண்டால் அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

சந்தேகம் இருந்தால் பிளக்கைக் கேளுங்கள். ஒரு கிலோமீட்டர் முழு ஆக்சிலேட்டரில் போய், கிளட்சைப் பிடித்து உடனே எஞ்சினை அணைத்து, ஓரம் கட்டி, சூடு பார்த்துப் பிளக்கைக் கழற்றுங்கள். காபிக்கொட்டை நிறம் என்றால் கை வைக்காதீர்கள். கரேலென்று ஈரமாக இருந்தால் பெட்ரோல் கூடுதல், சாம்பல் வெள்ளை என்றால் குறைவு.

எல்லாம் கழுவியாச்சு, மாத்தியாச்சு. இன்னும் சரியில்ல. கார்புரேட்டரைத் தூக்கிப் போடறது எப்போ?

நான் ஒப்புக்கொள்கிற காரணங்கள் குறைவு. ஸ்லைடு ஓடும் தடம் தேய்ந்து, அது மூடியிருக்கும்போதே காற்று புகுந்துகொண்டிருந்தால். ஜெட் கிணற்றில் மறை போயிருந்தால். மிக்சர் ஸ்க்ரூ முனை உடைந்து துளைக்குள் மாட்டி, நல்ல லேத்துக்காரரும் கையை விரித்துவிட்டால். கிண்ணம் விரிசல் விட்டிருந்தால். உடம்புக்குள் இருக்கும் நுண்ணிய வழிகள் வெள்ளைப் பொடி அரித்து அடைந்து, தின்னரில் இரண்டு நாள் ஊறியும் காற்று போகவில்லை என்றால்.

இவை எதுவும் இல்லை, இன்னும் மோசமாக ஓடுகிறது என்றால் பிரச்சினை கார்புரேட்டரில் இல்லை. திருட்டுக் காற்று கிராங்க் ஆயில் சீல் வழியாகவும் வரும், சோக் இழுத்தால் சத்தம் அடங்குகிற அதே அறிகுறியோடு. கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெள்ளைப் புகை மண்டும், கியர் ஆயில் மட்டமும் குறைந்துகொண்டே வரும். பிக்கப் மட்டும் இல்லை என்றால் சைலன்சரைக் கழற்றி விட்டு ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்கள், தெரு முழுக்கத் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. சுறுசுறுப்பாக ஓடினால் சைலன்சர் கரி பிடித்து அடைத்திருக்கிறது. போன மாசம் ஒருவர் இரண்டு கார்புரேட்டர் மாற்றிய பிறகு என்னிடம் வண்டியைக் கொண்டுவந்தார். சைலன்சர் வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையவில்லை, குளவி கூடு கட்டியிருந்தது.